காலண்டரில் சிரித்த பிள்ளை

ஏரோப்ளேன் அம்மா என்றுதான் விடுதிப் பிள்ளைகள் அவளைக் கூப்பிடுவார்கள். வருடத்துக்கு ஒரு தடவை விமானம் ஏறி வருவாள். பெட்டி நிறைய பென்சிலும் சட்டைத்துணியும் கொண்டுவந்து கொட்டுவாள், எல்லாரையும் கட்டிக்கொண்டு அழுவாள், மறுபடி விமானம் ஏறிப் போய்விடுவாள். அப்படிப்பட்டவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவளுக்கும் உள்ளூர அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

விடுதியை அங்கே இருந்து நடத்துவது அவள் நாத்தனார். வீட்டுக்காரரின் கூடப் பிறந்த தங்கை. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்தவள், வாயைத் திறந்தால் உறைப்பு. கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஊரெல்லாம் கையேந்தி நன்கொடை திரட்டுவது ஏரோப்ளேன் அம்மாவின் வேலை. "அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டுல இருந்திருந்தா ஒரு வாரத்துல முடியைப் பிடிச்சிருப்பீங்க. நடுவுல கடல் கிடக்கு, அதனால நம்ம அறக்கட்டளை பொழைச்சுது" என்று வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

அந்த விடுதியில் ஒரு சட்டம் உண்டு. யாராவது படம் எடுக்க வந்தால் வாலுவைச் சமையலறைக்குள் அனுப்பிவிட வேண்டும். வாலு என்பது சமையல்கார அக்காவின் மகள். மரம் ஏறுவது, கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து 'பே' என்று கத்துவது, இதெல்லாம் பார்த்து வைத்த பெயர். தாயும் மகளும் அங்கே வந்து சேர்ந்தது புருஷன்காரனுக்குப் பயந்து. அவன் கொதிக்கிற தண்ணீரைப் பெண்டாட்டி முதுகில் ஊற்றியவன். பெற்ற பிள்ளையை அறைந்த அறையில் அதன் இடது காது செத்துப்போனது. அவன் கண்ணில் படாமல் இருக்கிற வரைக்கும்தான் இரண்டு உயிருக்கும் பாதுகாப்பு. நாத்தனார் இதை அண்ணியிடம் ஒளிக்கவில்லை, முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லியிருந்தாள்.

போன தடவை அண்ணி போயிருந்தபோது நாத்தனார் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தலை சீவி, பொத்தான் போட்டுவிட்டு, அண்ணியைப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு ஏதோ வேலையாகப் போனாள். எல்லாம் முடிந்து ஏரோப்ளேன் அம்மா கைகழுவச் சமையலறைப் பக்கம் வந்தாள். வாலு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர்.

"அழுறியா, வெங்காயமா?"

"வெங்காயம்தான்" என்றது பிள்ளை. பிறகு பக்கத்தில் வந்து சேலையைப் பிடித்துக்கொண்டது. "என்னையும் ஒண்ணே ஒண்ணு எடுங்க. என்கிட்ட என் படமே கிடையாது. யாருக்கும் காட்ட வேண்டாம். நீங்களும் நானும் மட்டும் பாத்துக்கலாம்."

மனசு கேட்குமா? "காட்டவே மாட்டேன்" என்று தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டு, பின்வாசலில் நிறுத்தி ஒரு படம் எடுத்தாள். "சரியா?" என்று அவள் கேட்டது சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது. பிள்ளை நல்ல காதை இவள் பக்கம் திருப்பித் தலையைச் சாய்த்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தது.

அப்பப்பா, என்ன சிரிப்பு அது! மற்றப் பிள்ளைகள் படத்துக்கென்று சிரித்துச் சிரித்துப் பழகினவர்கள். இது பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை ஒரே தடவையில் சிரித்தது.

ஊர் திரும்பியதும் காலண்டர் வேலை வந்தது. வருடாவருடம் ஒரு பிள்ளையின் படம் போட்டுக் காலண்டர் அடித்து நன்கொடையாளர்களுக்குக் கொடுப்பது வழக்கம். முந்தின வருடம் சோகமாகப் பார்க்கிற பிள்ளை ஒன்றைப் போட்டிருந்தார்கள். பல் டாக்டர் வீட்டம்மா, "காலங்காத்தால இந்த முகத்துல முழிக்க முடியலைங்க" என்று அதைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டாளாம். இந்த வருடம் சிரிக்கிற முகம் வேண்டும். ஏரோப்ளேன் அம்மா இருக்கிற படத்தையெல்லாம் புரட்டினாள். எந்தப் பக்கம் போனாலும் விரல் அந்த ஒரு படத்திலேயே வந்து நின்றது.

சொன்ன வார்த்தை நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. அதற்குச் சமாதானமும் கூடவே வந்தது. அந்த ஆள் எங்கே, இந்த ஊர் எங்கே? கடல் தாண்டி வந்து ஒரு வீட்டுச் சுவரிலா எட்டிப் பார்க்கப் போகிறான்? இந்தச் சிரிப்பால் விடுதிக்கு ஒரு குளியலறை கட்ட முடிந்தால் அதில் குளிக்கப்போவது வாலுவும்தானே? மனுஷ மனசு இருக்கிறதே, தனக்கு வேண்டியதென்றால் வக்கீலைவிட நன்றாக வாதாடும். காலண்டர் அச்சாகி வந்தது. நாத்தனாருக்கு மட்டும் அவள் அனுப்பவில்லை. அனுப்பாததற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தாள், தபால் செலவு என்று.

அவளே கையில் எடுத்துக்கொண்டு போய் முடிதிருத்தும் கடை, பல் ஆஸ்பத்திரி, சலவைக் கடை என்று கொடுத்துவிட்டு வந்தாள். பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். "தலையைச் சாய்ச்சுச் சிரிக்குது பாருங்க, அதுதான் அழகு." அவளுக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு காது கேட்காத பிள்ளை, அதனால் சாய்க்கிறது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கார் நிறுத்துகிற அறையைத்தான் அவர்கள் அலுவலகமாக வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் ரசீது எழுதிக்கொண்டிருந்தார். வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். மடிப்புக் கலையாத சட்டை, கையில் சுருட்டிய காலண்டர். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"சலவைக் கடையில வேலை பாக்கறேங்க" என்றான். காலண்டரை விரித்தான். "இது என் அக்கா மகளுங்க. நான் தாய்மாமன்."

"என்னது!"

"எங்க போனாங்கன்னே தெரியாம தேடித் தேடி ஓய்ஞ்சு போயிட்டோங்க. இருக்காங்களா போயிட்டாங்களான்னுகூடத் தெரியல. நேத்து சுவத்துல பாத்தேன். அந்தத் தலையைச் சாய்க்கிறது... அவதாங்க. உயிரோட இருக்காங்க." அவ்வளவுதான் பேச முடிந்தது. பெரிய ஆள், முகத்தைக் கையால் மூடிக்கொண்டு விம்மி அழுதான்.

ஏரோப்ளேன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடமாகப் பிள்ளைகளைப் பற்றிப் பேசிப் பேசி எத்தனையோ பேரைக் கண்கலங்க வைத்திருக்கிறாள். எல்லாம் இரக்கத்தில் கலங்கினவர்கள். சொந்த ரத்தம் வந்து நின்று அழுவதை இப்போதுதான் பார்க்கிறாள். சட்டம் அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் அப்பன் கண்ணில் படக்கூடாது என்பதுதானே சட்டம்? மாமன் என்ன, அப்பனா?

"என் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லலாமே" என்று வீட்டுக்காரர் மெல்லச் சொன்னார்.

"ஆமா, கேட்டுட்டாலும்! உங்க தங்கச்சி எதுக்குத்தான் சரின்னு சொல்லியிருக்கா? முதல்ல வேண்டாம்பா, அப்புறம்தான் விஷயம் என்னன்னே கேப்பா."

விலாசம் கொடுத்தாள். கொடுத்ததோடு விட்டாளா? பஸ் நிற்கிற இடத்திலிருந்து எப்படித் திரும்ப வேண்டும், எந்தக் கடை தாண்டி எந்தக் கேட் என்று ஒரு தாளில் படமும் போட்டுக் கொடுத்தாள். அவன் அவள் காலில் விழப் போனான். தடுத்துத் தூக்கிவிட்டாள்.

மறுநாள் காலை நாத்தனாருக்குப் போன் போட்டபோது குரலில் சிரிப்பு வழிந்தது. "ஒரு நல்ல சேதி வச்சிருக்கேன், என்னன்னு சொல்லு பாப்போம்" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் எல்லாம் சொன்னாள்.

"என்னம்மா, கேக்குதா?"

"எந்தக் காலண்டர், அண்ணி?" என்றாள் நாத்தனார். "அந்தப் பிள்ளை படம் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"அத விடு. மாமன் வந்திருக்கார்னு சொல்றேன்..."

"அந்த மாமன்தான் ரெண்டு தடவை அக்காக்காரியத் தேடிப் பிடிச்சுப் புருஷன் வீட்டுல கொண்டுபோய் விட்டவன். ரெண்டாவது தடவை விட்ட அன்னிக்குத்தான் பிள்ளைக்குக் காது போச்சு. இவன் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தானாம். குடும்பம்னா நாலும் இருக்கும், நீதான் அனுசரிச்சுப் போகணும்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டானாம்." நாத்தனார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஏன் அண்ணி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

ஏரோப்ளேன் அம்மா போனை வைத்தாள். செருப்பு மாட்டினாளா இல்லையா என்றுகூடத் தெரியாமல் சலவைக் கடைக்கு ஓடினாள்.

உள்ளே நீராவி. வரிசையாக மாட்டிய சட்டைகளுக்கு நடுவே அவன் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாங்கம்மா! நானே வரணும்னு இருந்தேன். நேத்தே மச்சான்கிட்ட பேசிட்டேன். குழந்தை மாதிரி அழுதாரும்மா. ராத்திரியே பஸ் ஏறிட்டாரு, இந்நேரம் பாதி தூரம் போயிருப்பாரு."

"ஐயோ! அவர் அடிப்பாராமேப்பா. பிள்ளை காதையே..."

"அது அந்தக் காலம்மா. இப்ப குடியெல்லாம் விட்டுட்டாரு. அக்காவுக்கும் வாய் கொஞ்சம் நீளம், இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"கூப்பிட்டுச் சொல்லுப்பா. விலாசம் தப்புன்னு சொல்லு. உனக்குப் புண்ணியமாப் போகும். நான் உன் கால்ல வேணா விழறேன்."

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். அவளை அவன் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, நிஜமான திகைப்புதான் இருந்தது. "என்னம்மா நீங்க? ஊரான் பிள்ளைக்கெல்லாம் இவ்வளவு செய்யறீங்க. அப்பன் பிள்ளையப் பாக்கக்கூடாதுங்கறீங்களே, அது நியாயமா? பிரிஞ்ச குடும்பத்தைச் சேத்து வச்ச புண்ணியம் உங்களுக்குத்தாம்மா."

கெட்டவனாக இருந்திருந்தால் திட்டவாவது திட்டியிருப்பாள். அவன் மனசார நம்பித்தான் பேசினான். முந்தின நாள் அவளும் மனசார நம்பித்தானே விலாசத்தை எழுதிக் கொடுத்தாள்? அவளுக்கு அவன் டீ வாங்கி வரச் சொன்னான்.

அன்று முழுக்க நாத்தனார் போனை எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. ஏரோப்ளேன் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சும்மா உட்கார முடியாமல் கடை கடையாகப் போய்க் காலண்டரைக் கழற்றி வாங்கினாள். அச்சுப்பிழை என்று பொய் சொன்னாள். பல் டாக்டர் வீட்டம்மா மட்டும் கொடுக்க மனமில்லாமல் இழுத்துப் பிடித்தாள். "பிழை இருந்தா இருக்கட்டுமே. இந்தச் சிரிப்பப் பாத்தா ஊசிக்குப் பயப்படற பிள்ளைகூட அழறதில்லைங்க." ஏரோப்ளேன் அம்மா ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம்தான் போன் வந்தது.

"வந்தான்" என்றாள் நாத்தனார். குரல் கட்டிப்போயிருந்தது. "கூட ரெண்டு பேரு. முதல்ல கேட்டுக்கு வெளிய உக்காந்து அழுதான். அப்புறம் கேட்ட உதைச்சான். சமையலறையில இருந்ததெல்லாம் உடைச்சுப் போட்டான். பிள்ளைங்க கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுதுங்க. போலீஸ்ல சொன்னேன். புருஷன் பொண்டாட்டி விவகாரம், நீங்க ஏன் தலையிடறீங்கன்னு கேட்டாங்க. தெருமுனையிலதான் இன்னும் நிக்கறான்."

"வாலு? அவ அம்மா?"

"அவன் வர்றதுக்கு முன்னாடியே அனுப்பிட்டேன்."

ஏரோப்ளேன் அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்போதுதான் மூச்சே வந்தது. "நல்ல வேளை. எங்க அனுப்பினே?"

அந்தப் பக்கம் உடைந்த பாத்திரங்களைக் கூட்டி அள்ளுகிற சத்தம் கேட்டது.

"எங்கம்மா அனுப்பினே? நான் ஏதாவது ஏற்பாடு பண்றேன். நல்ல பள்ளிக்கூடமாப் பாத்து..."

"பள்ளிக்கூடமா? இந்தப் பேருல இனிமே அவளைச் சேக்க முடியுமா, அண்ணி? பேரைச் சொன்னா மோப்பம் பிடிச்சுக்கிட்டு வந்துருவான். படிச்ச படிப்பெல்லாம் இங்கேயே கிடக்கு. எங்கேயாவது பாத்திரம் தேச்சுப் பொழைச்சுக் கிடக்கட்டும், உயிராவது மிஞ்சும்."

"எங்க இருக்காங்கன்னு மட்டும் சொல்லு. என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொல்ல மாட்டேன்." அதில் கோபம் இல்லை, சண்டையும் இல்லை. "உங்களுக்குத் தெரிய வேண்டாம், அண்ணி. உங்ககிட்ட யாராவது வந்து அழுதா நீங்க குடுத்துருவீங்க."

வீட்டுக்காரர் எதிரே நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரோப்ளேன் அம்மா அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். "பிள்ளை... என்னைத் திட்டினாளா?"

நாத்தனாரும் அழுகிறாள் என்பது மூக்கை உறிஞ்சின சத்தத்தில் தெரிந்தது.

"வண்டியில ஏறும்போது என்கிட்ட வந்து ரகசியமாச் சொன்னா. 'நான்தான் படம் எடுக்கச் சொன்னேன். தப்பு என்னோடதுதான். ஏரோப்ளேன் அம்மா யாருக்கும் காட்டியிருக்க மாட்டாங்க, நீங்க அவங்களத் திட்டாதீங்க'ன்னா."

மேஜை மேல் பிடுங்கிக்கொண்டு வந்த காலண்டர்கள் குவிந்து கிடந்தன. எல்லாவற்றிலும் பிள்ளை நல்ல காதை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தது.