மனுக்களில் இருந்த ஊர்

அவன் வந்திறங்கிய அன்று மழை பெய்ததாகத்தான் எனக்கு ஞாபகம். ஆனால் அது கடுங்கோடை. அந்த இரண்டு மாதமும் ஒரு துளிகூட விழவில்லை என்று என் குறிப்பேடு சொல்கிறது. அந்த மழை வேறு ஏதோ ஒரு நாளில் பெய்திருக்கலாம். நான் அப்போது படித்துக்கொண்டிருந்த பழைய காகிதங்களில் பெய்ததாகவும் இருக்கலாம். ஆகவே மற்றவற்றையும் நான் சொல்கிறபடியே முழுதாக நம்ப வேண்டாம். பேருந்து நிலையத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு அவன் கேட்டது மட்டும் அப்படியே காதில் இருக்கிறது.

“சொல்லு டாக்டரம்மா, முதல்ல எங்க? கடிகாரக் கடையா, படித்துறையா?”

அவன் என் கணவன். லிஃப்ட் பழுது பார்ப்பவன். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் ஏறுவான். நான் முனைவர் பட்டத்துக்காக அந்த ஊர் ஆவணக் காப்பகத்தில் கோடை முழுதும் உட்கார்ந்திருந்தேன். நூறு வருடத்துக்கு முன் மக்கள் நகராட்சிக்கு எழுதிய மனுக்கள். தெருமுனை விளக்கு எரிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் பொதுக்குழாயில் கழுதையைக் கட்டுகிறான். கடிகாரக் கடைக்காரர் நடைபாதையை அடைத்துப் பலகை போட்டிருக்கிறார். படித்துறையில் கடைசி மூன்று படிகள் வழுக்குகின்றன. ஆயிரக்கணக்கான புகார்கள். படிக்கப் படிக்க ஒவ்வொரு தெருவும் எனக்கு வீட்டுக் கூடம்போல ஆகிவிட்டது.

தினமும் சாயங்காலம் போனில், “இன்னைக்கு எங்க போன?” என்று கேட்பான். நான் எங்கேயும் போயிருக்க மாட்டேன். அறையிலிருந்து காப்பகம் பதினொரு நிமிட நடை, மதியச் சாப்பாடும் உள்ளேயே. அதைச் சொன்னால் வருத்தப்படுவான். அதனால் ஒருநாள் கடிகாரக் கடைக்குப் போனதாகச் சொன்னேன். மறுநாள் குழாயடிச் சண்டையை வேடிக்கை பார்த்ததாக. பிறகு அது பழகிவிட்டது. பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தெருக்களில் நான் நடந்துகொண்டுதான் இருந்தேன், நூறு வருடம் தள்ளி.

சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. காப்பகக் கண்காணிப்பாளர் என்னை அழைத்து, மனுக்களையெல்லாம் அட்டவணைப்படுத்த இன்னொரு வருடம் இருக்க முடியுமா என்று கேட்டிருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். படித்துறையில் உட்கார வைத்துச் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். படித்துறை இன்னும் இருக்கிறதா என்று யாரிடமாவது விசாரித்திருக்கலாம். எனக்கு ஏனோ அந்தச் சந்தேகமே வரவில்லை.

கடிகாரக் கடை இருக்க வேண்டிய இடத்தில் செல்போன் கடை இருந்தது. “பரவால்ல, அதுலயும் மணி தெரியும்ல,” என்றான். நான் வேகமாக நடந்தேன். தெரு இரண்டாகப் பிரிய வேண்டிய இடத்தில் பிரியவில்லை. மூன்றாவது தடவையாக அதே சுவரின் முன் வந்து நின்றபோது அவன் பையைத் தோள் மாற்றிக்கொண்டான். கடைசியில் ஒரு பெரிய கார் நிறுத்துமிடத்துக்கு வந்தோம். சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தவரிடம் அவனே கேட்டான்.

“படித்துறையா? எங்கப்பா காலத்துலயே மூடிட்டாங்களே. தண்ணி இதுக்கு அடியில ஓடுது. வெளியூருங்களா?”

“நான்தாங்க வெளியூர். இவங்க ரெண்டு மாசமா இங்கதான் இருக்காங்க.”

இரண்டு கார்களுக்கு நடுவே இருந்த சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்தோம். வெயில் ஒரு காரின் கண்ணாடியிலிருந்து அடுத்த காரின் கண்ணாடிக்குப் போனது என்று நினைக்கிறேன்.

“போன வாரம் படித்துறையில கால நனைச்சேன்னு சொன்னியே. அது யாரு காலு?”

“துணி துவைக்கிற ஒரு அம்மா. அவங்க எழுதின மனு.”

அவன் சிரித்தான். சிரிப்பு நின்றதும் நான் அந்த ஒரு வருடத்தைப் பற்றிச் சொன்னேன்.

“எப்பக் கேட்டாங்க?”

“பதினெட்டு நாள் ஆச்சு.”

அவன் தரையில் எண்ணெய் சிந்திய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “வீட்ல இருக்கறப்ப நீ இவ்வளவு பேசினதே இல்லப்பா. கேட்டா ஒரு வார்த்தை, கேக்கலைன்னா அதுவும் இல்ல. இந்த ரெண்டு மாசம்தான் பேசின. வேலைக்கு நடுவுல அஞ்சு மணி எப்ப ஆகும்னு இருக்கும் எனக்கு.”

மறுநாள் காலை நான் எழுவதற்குள் அவன் வெளியே போய்விட்டு வந்திருந்தான். “கெளம்பு, உனக்கு ஊரைச் சுத்திக் காட்றேன்,” என்றான். எந்த பஸ் எங்கே போகும் என்று டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். ஏழு மாடித் துணிக்கடை ஒன்றில் லிஃப்ட் இயக்குபவரிடம் கயிறு, மோட்டார் என்று பத்து நிமிடம் பேசினான். அவர் எங்களை மொட்டை மாடி வரை கூட்டிப்போனார். மோட்டார் அறைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தோம். நான் ஒருநாளும் பார்த்திராத ஒரு ஊர், வெள்ளைத் தண்ணீர்த் தொட்டிகளோடு அடிவானம் வரை கிடந்தது.

“அதோ உன் ஆபீஸ். இதோ உன் ரூம். நடுவுல எத்துனூண்டு பாரு.”

அவன் நீட்டிய விரலின் வழியே பார்த்தும் எனக்கு இரண்டுமே தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன்.

“இருக்கணும்னா இரு,” என்றான். “ஆனா நிஜமா எங்க போனியோ அதைச் சொல்லு. எங்கயும் போகலைன்னா போகலைன்னு சொல்லு. எனக்கு அது போதும்.”

நான் இருந்தேன். போனில் உண்மையைச் சொன்னேன். அது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டு வைத்துவிடுவோம்.

ஒரு வருடம் நான்காயிற்று. மூன்றாவது வருடத்தில் பிரிந்தோம். யாரும் குரலை உயர்த்தவில்லை. அவன் மறுபடி மணம் செய்துகொண்டான், இரண்டு மகள்கள். கண்காணிப்பாளர் ஓய்வு பெற்ற மறு வருடம் இறந்துபோனார். மனுக்களை ஸ்கேன் செய்து அட்டைப்பெட்டிகளில் அடுக்கி ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நான் அதே ஊரில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் வருகிற பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை போகிறேன்.