சோபா போட்ட அறை

புனேயில் ஸ்ரீதர் ராஜ்வாடே தலைவராக இருக்கும் குடியிருப்பில், மருத்துவக் காப்பீடு பற்றி அவரைக் கேட்காமல் யாரும் தும்மக்கூட மாட்டார்கள். போன கணபதி விழாவில், ஆரத்தி முடிந்து எல்லோரும் மோதகத்துக்குக் கை நீட்டிய நேரம் பார்த்து மைக்கைப் பிடித்தார். "அட்டையக் காட்டணும், படுக்கணும், எழுந்து வரணும். பைக்குள்ள கையே போகக்கூடாது. அதுக்குப் பேருதான் கேஷ்லெஸ்." மோதகம் ஆறிப்போனது.

மனைவி வசுதா முழங்கால் மாற்று அறுவைக்குச் சம்மதித்ததே ஒன்றுக்காகத்தான். அக்காவோடு நர்மதை நதியைச் சுற்றிவரும் யாத்திரை போக வேண்டும். தீபாவளிக்குத் தீபாவளி சக்லி முறுக்கு பிழிந்து விற்ற காசை அதற்கென்று வங்கியில் போட்டு வைத்திருந்தாள்.

மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் பல்லவி என்ற பெண் இருந்தாள். "சார், உங்க பாலிசியில சாதாரண தனி அறை வாடகைதான் வரும். டீலக்ஸ் வேண்டாமே."

"சொந்தக்காரங்க வருவாங்கம்மா. உட்கார ஒரு சோபா வேணாமா? வாடகை வித்தியாசத்த நான் குடுத்துடறேன்."

"வாடகையோட போகாது சார், அதாவது..."

"நான் இதப் பத்தி மேடை போட்டுப் பேசினவன்மா."

பல்லவி பேச்சை நிறுத்திக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். ராஜ்வாடே சோபாவில் மாப்பிள்ளையின் அப்பாபோல் சாய்ந்து, ஏசியின் குளிர்ச்சியை ஒவ்வொருவரிடமும் விசாரித்தார். தூங்க முடியாமல் வசுதா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் நாளன்று காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் வந்தது. உள்ளே வைத்த செயற்கை மூட்டுக்கும் மருந்துக்கும் முழுசாக. மற்றதற்கெல்லாம் பாதி.

"டீலக்ஸ் அறை எடுத்தா டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்ஸ் எல்லாமே இங்க டீலக்ஸ் ரேட்டு சார்," என்றாள் பல்லவி. "உங்களுக்கு உண்டான வாடகை இந்த வாடகையில பாதி. அதனால அதெல்லாத்துலயும் பாதிதான் குடுப்பாங்க."

"மொதல்லயே சொல்லக் கூடாதா?"

பல்லவி அவர் கையெழுத்துப் போட்ட தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

அவருடைய சேமிப்பெல்லாம் மகனின் ஃபிளாட்டில் செங்கல்லாகிவிட்டிருந்தது. அறைக்கு வந்து, சோபாவில் உட்காராமல் நின்றபடியே வசுதாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

"என் கணக்குலேர்ந்து எடுங்க," என்றாள் வசுதா.

"அடுத்த வருஷம் கண்டிப்பா போலாம், வசு."

"அக்காவுக்கு எழுபத்தஞ்சு. இந்த வருஷமே பயந்து பயந்துதான் கிளம்புறா." கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். பதில் பேசவாவது ஏதாவது கிடைத்திருக்கும்.

குளிர்காலத்தில் அக்காவின் போன் வந்தது. ராஜ்வாடே பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார், படிக்காமல்.

"நீ கிளம்புக்கா. எனக்குத்தான் கொடுத்து வைக்கல. கால் இன்னும் சரியாகல," என்றாள் வசுதா. "ஆமாக்கா, வலிதான். அவரா? அவர் பாவம், நல்ல அறையாப் பாத்துதான் எடுத்துக் குடுத்தார்."

சொல்லிக்கொண்டே கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள், துளியும் தடுமாறாமல்.