வெள்ளையாக விட்ட மாவட்டங்கள்

தாய்மாமா அந்த இரண்டு சீட்டுகளையும் சாப்பாட்டு மேசையின் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மின்விசிறிக் காற்றில் அவை நழுவப் பார்த்தன. ஒன்றின் மேல் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டையும் மற்றதன் மேல் உப்புக் குப்பியையும் வைத்து அமுக்கினார். முப்பத்தைந்து வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். காகிதத்தைக் கண்டால் மனிதருக்குத் தனித் தெம்பு வந்துவிடும்.

"நான் எதுவும் சொல்லல. தேதி சொல்லுது," என்றார். "இது உங்க பொண்ணு ரிப்போர்ட். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மார்ச். இது எங்க பையனோடது. அதே வருஷம் நவம்பர். எது முன்னாடி, எது பின்னாடி? நீங்களே படிச்சுப் பாருங்க."

எதிரே நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த தையல்காரர் படிக்கவில்லை. படிக்காமலே தலையை ஆட்டினார். அவருடைய மகள், அந்த வீட்டின் சின்ன மருமகள், ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் புருஷன் செத்து நாலு மாதம் ஆகிறது. சீட்டில் இருந்த வியாதிதான் காரணம். அந்த வியாதியின் பெயரை மட்டும் அந்த வீட்டில் இன்றுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. 'அது' என்பார்கள். அவள் குடிக்கும் டம்ளரின் அடியில் மாமியார், தாய்மாமாவின் தங்கை, சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தாள், அடையாளம் தெரிய.

மூன்றாவதாக ஒரு காகிதமும் மேசையில் இருந்தது. மாமாவே தட்டச்சு செய்து கொண்டுவந்தது. சின்னவள் இன்றே தகப்பன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். குழந்தை இங்கேதான் வளரும். குழந்தை மேல் அவள் எந்த உரிமையும் கொண்டாட மாட்டாள். கீழே அவளும் அவள் அப்பாவும் கையெழுத்துப் போட இரண்டு கோடுகள்.

பத்து நாள் முன்பு வரை அந்தக் குழந்தையைத் தொட்டுத் தூக்க மருமகள்களைத் தவிர அந்த வீட்டில் ஆளில்லை. போன வாரம் கடைசிப் பரிசோதனையிலும் குழந்தைக்குக் கிருமி இல்லை என்று வந்ததோ இல்லையோ, மாமியாருக்குத் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பேத்திக்குச் சோறு ஊட்டுகிறாள், தலை வாருகிறாள், கன்னத்தைக் கிள்ளுகிறாள். பெற்றவளை மட்டும் பெருக்கித் தள்ளிவிட வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு மேசையின் இன்னொரு முனையில் மூத்த மருமகள் உட்கார்ந்திருந்தாள். மாநிலச் சுகாதாரத் துறையில் புள்ளிவிவரப் பிரிவில் வேலை. எந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்குக் கிருமி இருக்கிறது என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்து, மாநில வரைபடத்தில் நிறம் தீட்டிக் கொடுப்பவள் அவள்தான். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு மேப்பம்மா என்று பேர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

"என் வார்த்தைய நம்ப வேணாம்," என்று மாமா அவள் பக்கம் திரும்பினார். "நம்ம மேப்பம்மா சொன்னதுதான். இதே கூடத்துல அன்னிக்கு மேப்பெல்லாம் விரிச்சுப் போட்டுச் சொல்லலையா? எது முதல்ல சிவக்குதோ அங்கேர்ந்துதான் அடுத்ததுக்குப் போகுதுன்னு? மாவட்டத்துக்கு ஒரு நியாயம், மனுஷனுக்கு ஒரு நியாயமா?"

மேப்பம்மாவுக்குச் சுருக்கென்றது. சொன்னது உண்மைதான். போன வருஷம் பன்னிரண்டு ஆண்டு வரைபடங்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் வரிசையாகப் பரப்பினாள். முதல் தாளில் துறைமுக மாவட்டம் மட்டும் சிவப்பு. அடுத்ததில் அதன் பக்கத்து இரண்டு. அப்புறம் நெடுஞ்சாலை ஓரமாக மூன்று, நான்கு. மாமியாரும் புருஷனும் மாமாவும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவளுக்கும் தலைகால் புரியவில்லை. பெருமையில் என்னவெல்லாமோ சொன்னாள். அந்தப் பேச்சு இப்போது ஒரு பெண்ணின் கழுத்துக்கு வந்து நிற்கிறது.

"சம்பந்தி, கையெழுத்துப் போட்டுடுங்க," என்றாள் மாமியார். "எங்க பையனை வாரிக் குடுத்துட்டு உக்காந்திருக்கோம். இதுக்கு மேல இவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்க எங்களால முடியாது."

தையல்காரர் பேனாவை எடுத்தார். ஊசியில் நூல் கோக்கும் விரல்கள் மூடியைத் திறக்க முடியாமல் தடுமாறின. "நான் என்னம்மா பண்ணுவேன்," என்று மகளைப் பார்க்காமலே முனகினார். "பெரியவங்க சொல்றாங்க. தேதி வேற இருக்கு."

"கொஞ்சம் இருங்கப்பா," என்றாள் மேப்பம்மா.

அவள் புருஷன், செத்தவனின் அண்ணன், நிமிர்ந்து பார்த்தான். இதுவரை கைபேசியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தவன். "நீ சும்மா இரு. இது பெரியவங்க பேசற விஷயம்."

"என் மேப்பை இழுத்தாச்சு. இனி நான் எப்படிங்க சும்மா இருக்கறது?" அவள் மாமாவைப் பார்த்தாள். "மாமா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. தப்பாப் புரிஞ்சுக்கிட்டுத்தான் சொன்னேன். போன மாசம் ஒரு மாவட்டம் திடீர்னு சிவந்துச்சு. அதுவரைக்கும் பன்னிரண்டு வருஷமும் வெள்ளை. பதறிப்போய் அங்கே லேபுக்கு போன் போட்டேன். என்ன ஆச்சு, எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா அந்த டெக்னீஷியன் சிரிக்கிறார். 'மேடம், இந்த வருஷம்தான் எங்களுக்கு மெஷினே வந்துச்சு.' அதுக்கு முன்னாடின்னு கேட்டேன். 'அதுக்கு முன்னாடி யார் பாத்தாங்க?'ங்கறார்."

மாமா உதட்டைப் பிதுக்கினார்.

"மேப்ல சிவப்பு விழற வருஷம் வியாதி வந்த வருஷம் இல்ல மாமா. பாக்க ஆரம்பிச்ச வருஷம். இந்தச் சீட்டும் அப்படித்தான். மாசமா இருக்கற பொம்பளை எல்லாருக்கும் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுப்பாங்க. இவளும் அப்போ மாசம், எடுத்தாங்க. அதனால மார்ச். உங்க மருமகனுக்கு யார் எடுத்தாங்க? அவரையும் அதே மார்ச்லதான் கூப்பிட்டாங்க. எட்டு மாசம் போக்குக் காட்டினார். எழுந்து நிக்க முடியாம தூக்கிட்டுப் போனப்பதான் நவம்பர் ஆச்சு."

"வெளியூர் வேலையா இருந்தான்," என்றான் புருஷன் வேகமாக.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. ஊர் ஊராகப் போய் ஆலைகளில் இயந்திரம் பூட்டிக் கொடுப்பது. மாதக்கணக்கில் போய்விடுவார்கள். ஒரே விடுதி, ஒரே அறை.

மேப்பம்மா கண்ணாடிக் கூட்டையும் உப்புக் குப்பியையும் தள்ளிவிட்டு இரண்டு சீட்டுகளையும் கையில் எடுத்தாள். "தேதிக்குக் கீழ இன்னொரு எண் இருக்கு. அதையும் படிங்களேன். ரத்தத்துல வியாதியை எதிர்க்கற அணு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாத்திருக்காங்க. இவளுக்கு ஐந்நூத்தி நாப்பது. அவருக்கு முப்பத்தெட்டு. ஆயிரம் கிட்ட இருக்கறது முப்பத்தெட்டுக்கு இறங்கணும்னா சாதாரணமா ஏழெட்டு வருஷம், பத்து வருஷம்கூட ஆகும். இவங்க கல்யாணம் ஆகி அப்போ ஒன்றரை வருஷம்தான்."

மாமியாரின் முகம் கன்றிச் சிவந்தது.

"செத்தவன் எந்திரிச்சு வந்து பதில் சொல்ல மாட்டான்னுதானே இந்தப் பேச்சு? நீ இந்த வீட்டு மருமகளா, அவளுக்கு வக்கீலா?"

"அத்தை, நான் அவர் மேல பழி போடல. யார் மேலயும் போட வேணாம்ங்கறேன். ஆனா இதையும் கேட்டுக்குங்க. மார்ச்லயே தெரிஞ்சதாலதான் இவளுக்கு மாத்திரை குடுத்தாங்க. அந்த மாத்திரையாலதான் இந்தக் குழந்தைக்கு வரல. எந்தத் தேதியைக் காட்டி இவளை வெளிய போகச் சொல்றீங்களோ, அந்தத் தேதிதான் உங்க பேத்தியைக் காப்பாத்திச்சு. தேதி வேணாம், பேத்தி மட்டும் வேணுமா?"

சின்னவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். குரல் அடங்கியே வந்தது.

"எங்கேர்ந்து வந்துச்சுன்னு நான் அவர்கிட்ட ஒரு நாளும் கேக்கலக்கா. மாத்திரை சாப்பிடுங்கன்னு மட்டும்தான் கேட்டேன். தெனமும் கேட்டேன்."

தையல்காரர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமா லேசில் விடுகிற ஆள் இல்லை. எத்தனையோ வாய்தாக்களைக் கண்டவர். "அணு, கிணு எல்லாம் எங்களுக்குப் புரியாதும்மா. ஊர்ல நாலு பேர் கேட்டா நாங்க என்ன சொல்றது? முதல்ல யாருக்குத் தெரிஞ்சுதோ அவங்கதான் கொண்டுவந்தாங்க. அவ்வளவுதான் கணக்கு."

மேப்பம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. கூடவே ஒரு யோசனையும் வந்தது.

"சரி மாமா. உங்க கணக்குக்கே வர்றேன். நாளைக்குக் காலையில வீட்ல இருக்கற எல்லாரும் போய் ரத்தம் குடுப்போம். நீங்க, அத்தை, இவர், நான். ஒரே நாள், ஒரே நேரம். யாருக்கும் முன்னாடி பின்னாடி கிடையாது. அப்புறம் தெரியும், தேதி எவ்வளவு பேசுதுன்னு."

மாமாவை மடக்கத்தான் சொன்னாள். சத்தியமாக வேறு எந்த நினைப்பும் அப்போது அவளுக்கு இல்லை.

மாமியார் முந்திக்கொண்டாள். "போலாமே! எங்களுக்கென்ன பயம்? நானே சொல்லணும்னு இருந்தேன். மூணு வருஷமா இவளோட ஒரே வீட்ல இருந்திருக்கோம், யார் யாருக்கு ஒட்டிக்கிச்சோ."

"ஒரே வீட்ல இருந்தா ஒட்டாது அத்தை. ஆனா வாங்க, பாத்துடுவோம்."

"எனக்கு எதுக்கு?"

எல்லோரும் திரும்பினார்கள். அவள் புருஷன் எழுந்து நின்றிருந்தான். கைபேசி கையிலிருந்து நழுவி நாற்காலியில் விழுந்தது கூட அவனுக்குத் தெரியவில்லை.

"எனக்கு எதுக்குங்கறேன்! நான் நல்லாத்தானே இருக்கேன்? கல்லு மாதிரி இருக்கேன். நாளைக்கு எனக்குக் கம்பெனியில வேலை இருக்கு. இந்த வாரம் பூரா வேலை இருக்கு."

"ஒரு அரை மணி நேரம்தாங்க," என்றாள் மேப்பம்மா.

"வர மாட்டேன்னா விடேன்!"

அவன் முகத்தை அவள் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் எண்களோடு குப்பை கொட்டியவள். எந்த எண்ணும் அவளை இப்படி உலுக்கியதில்லை. வெளியூரில் தம்பி ராத்திரி போன இடத்துக்கெல்லாம் இவனும் கூடப் போயிருந்தால்? ஒரே விடுதி, ஒரே அறை. தம்பி எட்டு மாதம் போக்குக் காட்டியபோதெல்லாம் அவனுக்காகச் சாக்குச் சொன்னது இந்த வாய்தான். மாமியாரும் மகனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. ஆனாலும் அடுத்த நிமிஷமே குரலைத் தேற்றிக்கொண்டுவிட்டாள்.

"அவனை ஏன் படுத்தறே? ஆம்பளை, ஆயிரம் வேலை இருக்கும். நீங்க பொம்பளைங்க போய்ப் பாத்துட்டு வாங்க. முதல்ல உங்களுக்கு என்னன்னு தெரியட்டும்."

மேப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்குப் பதிலாக வந்த சிரிப்பு அது.

"போறோம் அத்தை. எனக்கு இருக்குன்னு வந்தா, நான்தான் கொண்டுவந்தேன்னு மாமா நாளைக்கே டைப் அடிச்சிடுவார், இல்ல?"

மாமா கண்ணாடிக் கூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எதற்கோ நேரமாகிவிட்டதைப் போலக் கடிகாரத்தைப் பார்த்தார். மேப்பம்மா பேனாவை மூடித் தையல்காரரின் பையில் செருகினாள். தட்டச்சுக் காகிதத்தை நாலாகக் கிழித்தாள். "அப்பா, நீங்க சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. உங்க பொண்ணு எங்கேயும் வரல," என்றாள். அன்று முழுக்க அவள் புருஷன் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்று பயமாக இருந்தது.

மறுநாள் காலை அரசு ஆஸ்பத்திரிப் பரிசோதனை மையத்தில் மருமகள்கள் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை பெரியம்மாவின் மடியில் ஏறி அவள் அடையாள அட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"ஒருவேளை உங்களுக்கும்..." என்று ஆரம்பித்தாள் சின்னவள்.

"இருந்தா மாத்திரை சாப்பிடுவேன். நீ சாப்பிடலையா? பயமாத்தான்டி இருக்கு. ஆனா தெரியாம இருக்கறது அதைவிடப் பயமா இருக்கு."

ஆலோசகர் கூப்பிட்டார். பதிவேட்டைத் திறந்து வயது, வேலை, திருமணமான ஆண்டு எல்லாம் எழுதிக்கொண்டார். அந்தப் படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் மேப்பம்மாவுக்கு மனப்பாடம். ஒவ்வொரு வருஷமும் அதை அச்சுக்கு அனுப்புகிறவள் அவளே.

"கணவருக்கு மேடம்? இருக்கா, இல்லையா?"

"பாக்கல."

"அப்போ இல்லைன்னு போட்டுக்கறேன்."

"போடாதீங்க," என்றாள் மேப்பம்மா. இப்படி எத்தனை ஆயிரம் 'இல்லை'கள் அவள் மேசைக்கு வந்திருக்கின்றன, எத்தனை மாவட்டங்களை அவள் வெள்ளையாக விட்டிருக்கிறாள், அந்த வெள்ளையைப் பார்த்து மேலதிகாரி எத்தனை முறை கைதட்டியிருக்கிறார் என்றெல்லாம் ஒரு கணம் தோன்றியது. "பாக்கலைன்னு எழுதுங்க."

"அப்படி ஒரு கட்டம் இதுல இல்லையே மேடம்."

"ஓரத்துல எழுதுங்க. அடுத்த வருஷ ஃபாரத்துல கட்டம் இருக்கும். நான் போடறேன்."

ஆலோசகர் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினார். பிறகு தேதி முத்திரையை எடுத்து, இன்றைய தேதிக்குத் திருப்பி, அவள் பெயருக்கு எதிரே குத்தினார். மேப்பம்மா குழந்தையைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பை ஒதுக்கி ஊசிக்குக் கையை நீட்டினாள்.