அடைபடும் வெப்பநிலை

அந்த உலையின் வெப்பத்தைச் சுமந்து ஓடுவது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். அதில் ஆக்ஸிஜன் கலந்தால் குழாய்களை அரித்துவிடும். எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்ல ஒரு கருவி உண்டு. சோடியத்தை மெல்லக் குளிரவைத்து நுண்துளைகள் வழியே விடும். எந்த வெப்பநிலையில் கசடு படிந்து துளை அடைபடுகிறதோ, அதுவே கணக்கு; அது ஏற ஏற ஆக்ஸிஜன் அதிகம். நூற்றுப் பதினைந்து டிகிரி என்றால் உலையின் வேதியியலாளர் நிம்மதியாக டீ குடிப்பாள். செவ்வாய்க்கிழமை காலை அது நூற்று நாற்பத்தெட்டு காட்டியது.

ஷிப்ட் தலைவர் கையைப் பிசைந்தார். "நீராவிக் கலன்ல தண்ணி கசியுதோ? உலையை நிறுத்திடலாமா?"

"தண்ணின்னா ஹைட்ரஜன் மீட்டர் ஏறியிருக்கும் சார்," என்றாள் வேதியியலாளர். " அது அசையவே இல்ல. சோடியத்துக்கு மேல நிக்கிற ஆர்கான்லதான் நைட்ரஜன் கூடியிருக்கு. எங்கேயோ வெளிக்காத்து உள்ள போகுது. மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க."

போன வாரம் பம்ப்பின் மூடியைத் திறந்து சீல் மாற்றிய ஃபிட்டர் அவளுடைய கொழுந்தன். தயங்கித் தயங்கித்தான் பட்டறைக்குப் போனாள்.

"நான் போட்ட சீலா, மேடம்?" என்றான். வீட்டில் அண்ணி, ரோஷம் வந்தால் மேடம்.

"சந்தேகம்தான்ப்பா. வா, பார்த்துடலாம்."

மூடியைச் சுற்றி அவன் சோப்பு நுரை தடவினான். சீல் கல்லாக இருந்தது. பக்கத்தில், ஆர்கானைப் பரிசோதனைக்கு இழுத்துத் திருப்பி அனுப்பும் மெல்லிய குழாயின் நட்டிலும் கொஞ்சம் தடவினான். நுரை குமிழியிடவில்லை, உள்ளே இழுபட்டது.

"இதை யாரு முறுக்குனது?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "நான்தான். வெள்ளிக்கிழமை ஃபில்டர் மாத்துனேன். வீட்டுக்குக் கிளம்புற அவசரம்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு ஸ்பேனரை நீட்டினான். "முறுக்குங்க அண்ணி. இந்தத் தடவை அவசரமில்ல."

பதிவேட்டில் தவறு தன்னுடையது என்றே எழுதினாள். தலைவர் படித்துவிட்டு, "காரணம் தெரிஞ்சுதே, அது போதும்" என்றார். பின்பு சோடியத்தைக் கம்பிவலை நிரம்பிய குளிர்ந்த தொட்டிக்குள் கூடுதலாகத் திருப்பிவிட்டாள். குளிரில் கசடு வலையில் தங்கிவிடும். மறுநாள் நூற்று முப்பத்தொன்று. வெள்ளி மதியம் நூற்றுப் பதினான்கு.

அன்று சாப்பாட்டு மேசையில் கொழுந்தன் அவள் முழித்த முழியை நடித்துக் காட்டினான். அவள் கணவனுக்குப் புரையேறியது. அவளோ வெட்கப்படாமல் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.