இருநூற்று ஐந்து கிராம்

காலை ஆறு மணிக்கு அவன் எழுந்திருக்கிறான். பாலை அடுப்பில் வைக்கிறான். அது பொங்குவதற்குள் பல் துலக்கி முடித்துவிடுகிறான். இரண்டு தம்ளர்களைக் கழுவி, ஒன்றில் மட்டும் தேநீர் ஊற்றிக் குடிக்கிறான். பிறகு கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கும் கொக்கிக் கழியை எடுத்து, இரவில் அலமாரியிலிருந்து நழுவிக் கூரையில் முட்டிக்கொண்டு நிற்கும் புத்தகங்களை ஒவ்வொன்றாக இழுத்து இறக்குகிறான். கோடையில் பதினைந்து, பதினாறு இருக்கும். மழை நாட்களில் காகிதம் ஈரம் குடித்துவிடுவதால் ஏழெட்டுக்கு மேல் போகாது. இறக்கியவற்றை அலமாரியில் அடுக்கி, சரியாக மூடாத அதன் கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்த பிறகுதான் மின்விசிறியைப் போட முடியும். ஏழரைக்கு வேலைக்குக் கிளம்புகிறான்.

அவனுக்குக் குடிநீர் நிலையத்தின் சோதனைக்கூடத்தில் வேலை. தெருவில் அவனைத் தண்ணி சார் என்பார்கள். நீர்த்தேக்கத்தில் மேலே ஒரு புட்டி, நடுவில் ஒரு புட்டி, அடியில் ஒரு புட்டி என்று மூன்று எடுத்து வந்து, அந்த மூன்றை வைத்து நீர்த்தேக்கம் முழுவதையும் பற்றி அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவது அவன் பொறுப்பு. அதுவரை ஊரில் யாருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் ஆனதில்லை என்பதால் அந்த முறையில் அவனுக்கு முழு நம்பிக்கை இருந்தது. அவன் மனைவி தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் இருந்தாள். எதையும் உள்ளங்கையில் ஒரு கணம் ஏந்தினால் எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவாள். தராசு அதற்குப் பிறகு அதையேதான் காட்டும். அவன் அவளைப் பார்சல் என்று கூப்பிட்டான். அவள் அவனைப் புட்டி என்றாள். யாராவது கூட இருந்தால் புட்டி சார்.

கல்யாணம் பேசிய அன்று அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், புத்தகம் படிப்பீர்களா என்று. கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பேன் என்றான். உண்மையில் அவன் கடைசியாக முழுதாகப் படித்தது பரீட்சைக்கு. அவளுக்கு அது போதுமாக இருந்தது. மாதம் ஒரு புத்தகம், முதலில் அவள், அடுத்து அவன், கடைசி ஞாயிறு காலை இருவரும் அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அவள் அப்பா கல்யாணப் பரிசாகப் பித்தளைக் கொக்கி வைத்த ஒரு நீளக் கழியைக் கொடுத்து, மேலேயிருந்து இறக்கத் தேவைப்படும் மாப்பிள்ளை என்றார். எதை என்று அவன் கேட்கவில்லை. ஒட்டடை அடிக்க வைத்துக்கொண்டான். ஐந்து வருடம் ஒரு மாதத்தில் அறுபத்தொரு புத்தகங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் முதல் பக்கம், நடுப் பக்கம், கடைசிப் பக்கம் என்று மூன்று புட்டி எடுத்தான். பின்னட்டையையும் பார்த்துக்கொண்டான்.

“சொல்லுங்க புட்டி, எப்படி இருந்துது?”

“ஆரம்பம் பிரமாதம். நடுவுலதான் கொஞ்சம் தொய்வு. முடிவுல அவசரப்பட்டுட்டாங்க.”

“எல்லாப் புத்தகமும் நடுவுலதான் தொய்யுமா? எழுதுறவங்க எல்லாம் சேர்ந்து பேசி வெச்சுக்கிட்டாங்களா?”

“இருக்கிறதைத்தானே சொல்ல முடியும்.”

“உங்க இடுப்புகூடத்தான் நடுவுல தொய்யுது. அதுக்கு என்ன அபிப்பிராயம்?”

அவள் அபிப்பிராயம் அரை மணி நேரம் நீளும். ஒருத்தன் பொய் சொல்லும்போதெல்லாம் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறானே, கவனித்தீர்களா என்பாள். அவன் தலையாட்டுவான். தேநீர் ஆறிப்போகும். எல்லாம் பேசி முடித்ததும் புத்தகத்தை உள்ளங்கையில் ஏந்தி, முந்நூத்திப் பத்து என்றோ நூத்தி எண்பது என்றோ ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு மேசைமேல் வைத்து, சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். படிக்கச் சொல்லி அவனிடம் கொடுத்தபோதும் அதே எண்ணைத்தான் சொல்லியிருப்பாள். பார்சல் புத்தி போகாது என்று அவன் சிரிப்பான். ஒரு பொருளின் எடை மாறாமல் இருப்பதுதானே சரி என்று நினைத்துக்கொள்வான்.

கடைசி வருடம் அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. வீடு மூன்றாம் மாடி. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று பையில் சாவி தேடுவாள். இருவரும் சேர்ந்து வரும்போது சாவி எப்போதும் அவன் சட்டைப்பையில் இருக்கும். இந்த வயசிலேயே மறதியா பார்சல் என்று மேலேயிருந்து குரல் கொடுப்பான். அறுபத்தொன்றாவது புத்தகம், தையற்கடை வைத்திருக்கும் ஒரு தம்பதியைப் பற்றிய நாவல். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் முதலில் தன் அபிப்பிராயத்தைச் சொல்லவில்லை.

“அந்த மாடிப்படி வர்ற இடம் இருக்கே. அதைப் பத்தி என்ன நினைச்சீங்க?”

“நல்ல இடம். கொஞ்சம் நீட்டிட்டாங்க.”

“நீட்டிட்டாங்களா.”

அன்று அவள் கிண்டல் செய்யவில்லை. புத்தகத்தை ஏந்தி, இருநூத்தி அஞ்சு என்று சொல்லி வைத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்குக் கவுண்டரில், ஒரு பார்சல்மேல் கை வைத்தபடி இறந்துபோனாள். இதய வால்வு குறைந்தது ஒரு வருடமாகச் சுருங்கி வந்திருக்கிறது என்றார் டாக்டர். படி ஏறும்போது மூச்சு வாங்கியிருக்குமே, நீங்க கவனிக்கலியா என்று கேட்டார். இல்லை என்றான்.

மூன்றாவது வாரம் அவள் தங்கை துணிகளை எடுத்துப்போக வந்தாள். உள்ளே வந்ததும் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

“புத்தகமெல்லாம் எங்க மாமா?”

“அலமாரியில.”

“அலமாரியிலயா? அங்க எப்படி நிக்குது?”

அவன் விளங்காமல் நின்றான். அவள்தான் அலமாரியைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவர்கள் குடும்பத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கணவன் மனைவியில் ஒருவர் படித்து முடித்தால் புத்தகம் பாதி எடையாகும். இருவரும் படித்து முடித்தால் எடையே இருக்காது, மேலே போய்விடும். அவள் அம்மாவும் அப்பாவும் படித்தவை வீட்டில் ஒரு கூரையையே மறைத்துக்கொண்டு நிற்கின்றன.

“அக்கா போன் பண்ணா இதைத்தான் சொல்லுவா. எங்க வீட்டுல மேல இடமே இல்லடி, அவர் அவ்வளவு படிக்கிறாரு, ஃபேன்கூடப் போட முடியல, வேர்த்துக் கொட்டுதுன்னு.”

தங்கை துணிகளை எடுத்துக்கொண்டு, காபி கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான். அது ஐந்து வருடமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் முதல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினான். ஒன்பது நாள் ஆனது. கடைசி வரியைப் படித்ததும் அது அவன் கையை விட்டு எழுந்து போனது. பிறகு இரண்டு வருடம் அலுவலகம் விட்டு வந்தால் வேறு வேலை பார்க்கவில்லை. இன்னும் பன்னிரண்டே பக்கம் படித்திருந்தால் அவள் இருக்கும்போதே மேலே போயிருக்கக்கூடிய மெல்லிய புத்தகம் ஒன்று இருந்தது; அதன் முடிவு அபாரம் என்று அவளிடம் சொல்லியிருந்தான். அறுபதில் மூன்று புத்தகங்கள் மட்டுமே நடுவில் தொய்ந்திருந்தன. அதைச் சொல்ல ஆள் இல்லை. ஒருநாள் ஒரு புத்தகம் விசிறியில் மாட்டிக்கொண்டதால் எலெக்ட்ரீஷியன் வந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு, தடியா இருக்கிறதும் மேல போகுமா சார் என்று மட்டும் கேட்டார். போகும் என்றான். இறக்கையை நிமிர்த்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

தையற்கடை நாவலைக் கடைசியாக எடுத்தான். அவள் இருக்கும்போது அவன் நடுவில் எடுத்த புட்டி நூற்று முப்பதாம் பக்கம். மாடிப்படி நூற்று முப்பத்திரண்டில் தொடங்கியது. தையற்காரரின் மனைவி நெஞ்சடைப்பைக் கணவரிடம் சொல்ல வெட்கப்பட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மடியில் எதையோ தேடுவதுபோல் நடிக்கிறாள். அவர் மேலே நின்று, சீக்கிரம் வா என்கிறார். இரண்டரைப் பக்கம். நீளம் இல்லை. அந்தப் புத்தகமும் முடிந்ததும் எழுந்தது. விசிறிப் பக்கம் போகாமல் வாசற்கதவுக்கு நேர் மேலே போய் நின்றது. அதை மட்டும் அவன் இறக்குவதில்லை.

கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் இறந்த அன்று எல்லோரும் கேட்டார்கள். போயிட்டு வரேன் என்று சொன்னாள் என்றான். சொன்னாள்தான். ஆனால் ஒரு மாடி இறங்கிய பிறகு, மறந்துபோன கண்ணாடியை எடுக்கத் திரும்ப ஏறி வந்தாள். வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். அவன் ஷூ போட்டுக்கொண்டிருந்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் மேசைமேல் இருந்த நாவலை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். உண்மையில் அவள் கடைசியாகச் சொன்னது இது:

“இன்னும் அதே இருநூத்தி அஞ்சுதான் இருக்கு, புட்டி.”