சுக்குத் தண்ணி

காலை ஒன்பதரைக்கு எல்ஸி டீச்சர் பேசுவதை நிறுத்திவிடுவாள். கரும்பலகை நிறையக் கணக்குகளை எழுதிப்போட்டு, "சத்தமில்லாம எழுதுங்க" என்பாள். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே அறைக்குள் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் முதுகோடு முதுகாக உட்கார்ந்து எழுதும்.

மாலையில் ஈப்போ நகரில் அவள் எடுக்கும் இன்னொரு வகுப்பில் அப்படி முடியாது. கடைவீட்டு மாடியில் தனியார் பள்ளி நடத்திய லூயிஸ் நடையில் உலாத்திக்கொண்டே இருப்பார். குரல் கேட்காத வகுப்பின் ஆசிரியருக்கு அடுத்த மாதம் வேலை இருக்காது. அங்கே மின்விசிறி இருந்தது. குமாஸ்தாக்களின் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள்.

தோட்டத்தில் தலைமையாசிரியர் ராமையா மட்டும் எட்டிப் பார்ப்பார். "ஒங்க கிளாசுதான் டீச்சர் கோயில் மாதிரி இருக்கு."

1978 ஜூலையில், பாலுக்கு மரம் சீவிவிட்டு வந்த கையோடு இருளாயி பள்ளிக்கு வந்தாள். விரல்களில் ரப்பர் பால் காய்ந்திருந்தது.

"மங்களத்துக்கு இந்தப் பின்னம் ஏறவே மாட்டேங்குது டீச்சர். அஞ்சாம் வகுப்பு சோதனையில தேறலன்னா படிச்சது போதும், தம்பியப் பாத்துக்கிட்டு வீட்டுல கெடக்கட்டும்னு அவங்கப்பா சொல்லிட்டாரு. நீங்க கொஞ்சம் வாயால சொல்லிக் குடுத்தா..."

"தொண்டை சரியில்ல இருளாயி. பேச முடியல."

மறுநாளிலிருந்து மங்களம் ஒரு போத்தலில் சுக்குத் தண்ணி கொண்டுவந்தாள்.

"சீனி போடலையாம் டீச்சர். தொண்டைக்கு ஆகாதாம்."

வேண்டாம் என்று சொல்ல எல்ஸிக்கு வாய் வரவில்லை. போத்தலைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மாலை வகுப்புக்கு முன் குடித்தாள். தொண்டைக்கு நன்றாகவே கேட்டது. தினமும் போத்தலைக் கழுவிக் கொடுத்தாள். கழுவும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாடி வகுப்புக்கு வேர்க்கடலை தூவிய அப்பம் பாலிக் பலகாரம் ஒன்றை வாங்கிவந்து, எல்லாருக்கும் தெரியும்படி நான்காக வெட்டினாள்.

"இது நாலுல ஒண்ணு. ரெண்டு துண்டு எடுத்தா எவ்வளவு?" தெருவரைக்கும் கேட்கும் குரல்.

"பாதி, டீச்சர்."

பதில் வாசலிலிருந்து வந்தது. மங்களம் நின்றாள். பின்னால் இருளாயி, ஆஸ்பத்திரியில் யாரையோ பார்த்துவிட்டு வந்தவள், கையில் காலித் தூக்குச்சட்டியோடு. மேசைமேல் அவளுடைய போத்தல் இருந்தது. எல்ஸி அதை மறைக்கக் கை நீட்டினாள். கையில் கத்தி இருந்தது.

இருளாயி போத்தலைப் பார்த்தாள். அப்பத்தைப் பார்த்தாள்.

"கீழ ரோட்டுல போறப்பவே கேட்டுச்சு டீச்சர். தொண்டை நல்லாயிருச்சுல்ல? அப்ப திங்கக்கிழமை எங்க புள்ளைங்களுக்கும் இப்படி வெட்டிக் காட்டுவீங்களா?"