வலது பக்கம் கியர்

பட்டாளத்திலிருந்து ஊர் திரும்புகிறவர்களை ரயிலடிக்கே போய் அழைத்து வருவதற்கென்று எங்கள் நன்னிலம் பக்கத்தில் ஒரு புல்லட் கூட்டம் இருக்கிறது. யாரும் எங்களைச் செய்யச் சொல்லவில்லை. பணி முடித்து வந்தாலும் சரி, நீண்ட நாள் கழித்து விடுப்பில் வந்தாலும் சரி, தகவல் கிடைத்தால் போதும், திருவாரூர் ரயில் நிலைய வாசலில் முப்பது நாற்பது வண்டிகள் நிற்கும். மாலை போட்டு, முதல் வண்டியின் பின் சீட்டில் உட்காரவைத்து, வீட்டு வாசல் வரை ஊர்வலமாகக் கொண்டுபோய் விடுவோம். இந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பது என் வேலை. என் பெயர் தங்கமணி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புல்லட் வைத்திருக்கும் ஆம்பளைகளை ஒரு வரிசையில் நிறுத்துவதற்கு ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுப்பது எவ்வளவோ மேல்.

முதல் வண்டி எப்போதும் என் வீட்டுக்காரர் நாகநாதனுடையது. அவர் அப்பா காலத்துப் புல்லட். அந்த வண்டியை நான் மூத்தாள் என்றுதான் சொல்வேன். எனக்கு முந்தியே அந்த வீட்டுக்கு வந்தவள், என்னைவிடச் செல்லமாக இருப்பவள். வேறொருவர் அதை ஓட்டி நான் பார்த்ததில்லை. சிங்கப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் எங்கள் மகன் பிரபு கெஞ்சிப் பார்ப்பான். "வேணும்னா தொடைச்சு வைடா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நான் கேட்டதே இல்லை. வீம்புக்கென்றே என் சம்பளத்தில் ஒரு புது புல்லட் வாங்கிக்கொண்டேன்.

மாசி மாதம் ஒரு மாலை தமிழ்மாறன் போன் செய்தான். எங்கள் ஊர் கீழத்தெரு ராஜாங்கத்தின் மகன், என்னிடம் படித்தவன். எல்லையில் ரோந்து போனபோது கண்ணிவெடியில் சிக்கியதால், இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பல மாதங்கள் புனே ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தான். செயற்கைக் கால் பொருத்தி, நடந்து பழகி, இப்போதுதான் ஊருக்கு வருகிறான்.

"டீச்சர், நீங்க அழைக்க வருவீங்கன்னு தெரியும். ஆனா நான் பின்னாடி உக்காந்து வர மாட்டேன். நானே ஓட்டிட்டு வரணும்."

"என்னடா அவசரம்? ஊருக்கு வா, மெதுவாப் பழகிக்கலாம்" என்றேன்.

"அம்மா தெனம் போன்ல அழுவுறாங்க டீச்சர். காலுக்காக இல்ல. காலையில எழுந்தா யாராவது வந்து வாசல்ல உக்காந்துடுறாங்களாம். 'இனிமே எப்படிப் பொழைப்பான், பொண்ணு யாரு கொடுப்பா'ன்னு மூக்கைச் சிந்துறாங்களாம். எங்கம்மா அவங்களுக்கு டீ போட்டுக் கொடுக்குது. நான் என்ன செத்தா போயிட்டேன்? அவங்க முன்னாடி ஒருத்தர் முதுகைப் பிடிச்சுக்கிட்டு வந்து எறங்கினேன்னா, எங்கம்மா அப்புறம் தலை நிமிரவே மாட்டாங்க."

அவனே தொடர்ந்தான்.

"ஒரே சிக்கல்தான். இந்தக் காலால மிதிக்க முடியும், விரலால தூக்க முடியாது. இப்ப வர்ற வண்டியில எல்லாம் கியர் இடது பக்கம். பழைய புல்லட்டுல வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக். அந்த மாதிரி வண்டின்னா ஓட்டிடுவேன். புனேயில ஒரு சுபேதார் வண்டிய வாங்கி ஓட்டிப் பாத்துட்டேன். நம்ம பக்கத்துல அப்படி வண்டி யாருகிட்டயாவது இருக்கா டீச்சர்?"

கழுதைக்குத் தெரியாதா யாரிடம் இருக்கிறதென்று! சுற்றுவட்டாரத்திலேயே ஒன்றுதான். அது எங்கள் வீட்டு முன்கட்டில் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது.

அன்று சாப்பாடு போடும்போது விஷயத்தைச் சொன்னேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"முடியாது. வேணும்னா காரு ஏற்பாடு பண்ணு. கீழ போட்டுட்டான்னா?"

"போட்டா எடுத்து நிறுத்திக்கலாம்."

"அது எங்கப்பா வண்டி. அவன் ராஜாங்கம் பையன்..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "ஆமா, ராஜாங்கம் பையன்தான். உங்கப்பா காலத்துல அந்த வண்டிய வாரா வாரம் வாய்க்கால்ல எறக்கிக் கழுவினது யாரு? ராஜாங்கம். ஒரு நாளாவது அதுமேல ஏறி உக்காந்திருப்பாரா? அந்தப் பையன் காலைக் கொடுத்துட்டு வர்றான், நீங்க ஒரு இரும்பைக் கொடுக்க யோசிக்கிறீங்க. இதுல நாட்டுக்காக நாங்க வண்டி ஓட்டுறோம்னு சட்டையில எழுதி வேற மாட்டிக்கிறோம்! நீங்களும் அவங்க வாசல்ல போய் உக்காந்து, எல்லாம் தலையெழுத்துன்னு சொல்லிட்டு வந்தவர்தானே?"

அவர் கை கழுவிவிட்டுப் போய்விட்டார். நானும் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

காலையில் எழுந்து பார்த்தால் முன்கட்டில் வண்டியைக் காணோம். நன்னிலத்தில் ஹபீப் முகம்மது கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஹபீப் பாய் எங்கள் கூட்டத்துக்கே மெக்கானிக். அவர்தான் எனக்குப் போன் செய்து சொன்னார்: "என்னம்மா, உங்க வீட்டுக்காரரு பிரேக் பெடலைக் கொஞ்சம் ஒசத்தி, அகலமா ஒரு தகடு வச்சு வெல்டிங் பண்ணச் சொல்றாரு. அந்த வண்டியில ஒரு கீறல் விழுந்தாலே ரெண்டு நாள் என்கிட்ட பேச மாட்டாரு. ஒடம்புக்கு ஏதும் இல்லையே?"

வீட்டுக்கு வந்தவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நான் பின்னாடி உக்காருவேன். விழுந்தா வண்டி மேல விழ வேண்டாம், என் மேல விழட்டும்." அதற்குமேல் அவரை நான் சீண்டவில்லை. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

சென்னை வண்டி வந்து நின்றபோது நாங்கள் எல்லோரும் பிளாட்பாரத்தில் இருந்தோம். தமிழ்மாறன் சீருடையில் இறங்கினான். மெலிந்திருந்தான், ஆனால் நிமிர்ந்து நடந்து வந்தான். கூர்ந்து பார்த்தால்தான் இடது கால் ஒரு நொடி தாமதமாக வருவது தெரியும். மாலை போட்டோம். என் வீட்டுக்காரர் சாவியை நீட்டினார். அவன் வாங்காமல் அவர் முகத்தையே பார்த்தான்.

"அண்ணே, நெசமாவா?"

"பத்தரமா ஓட்டு. கியர் மேல ஒண்ணு, கீழ மூணு."

நிலையத்துக்கு வெளியே காலித் திடல் ஒன்றில் அவனை ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். உதைத்து ஸ்டார்ட் செய்யத்தான் தடுமாறினான். இடது காலில் முழு எடையையும் வைத்து நின்று வலது காலால் உதைக்க வேண்டும். இரண்டு முறை வழுக்கிவிட்டது. இவர் போய், ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாக மிதித்து, ஓர் உதை விட்டார். வண்டி டப் டப்பென்று எடுத்துக்கொண்டது. யாருக்கும் அவர் உதைத்துக் கொடுத்ததில்லை. கூட்டத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தமிழ்மாறன் திடலை இரண்டு சுற்று சுற்றினான். வளைவில் சாய்ந்தான், பிரேக்கை மிதித்தான், சொன்ன இடத்தில் நிறுத்தினான்.

புறப்படுமுன் அவன் எங்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டான். "வழியில நான் சாஞ்சா யாரும் ஓடி வந்து பிடிக்காதீங்க. நானே நிமிந்துக்குறேன்." சரி என்றோம். சொல்வது சுலபம்.

அவன் முதலில், பின் சீட்டில் என் வீட்டுக்காரர், அடுத்து நான், எனக்குப் பின்னால் மற்றவர்கள். தேசியக்கொடி கட்டிய வண்டிகள் வரிசையாகப் போவதைப் பார்த்து வயலில் உளுந்துக்குள் நின்றவர்கள் கையசைத்தார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் சீட்டின் பின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் போல விறைத்து உட்கார்ந்திருந்தார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் சாலையில்தான் சோதனை வந்தது. சம்பா அறுவடை முடிந்த நேரம். பாதிச் சாலையில் நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு வண்டி போகலாம். பாதித் தூரம் போனபிறகு எதிரே கதிர் அறுக்கும் மெஷின் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. தமிழ்மாறன் நெல் பக்கமாக ஒதுங்கி நிறுத்தினான். ஊன்றிய இடது கால் நெல் மணிகளின்மேல் பட்டு வழுக்கியது. அத்தனை கனமான வண்டி அந்தப் பக்கம் சாயத் தொடங்கியது.

எனக்குப் பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள். என் வீட்டுக்காரரின் இடது கால் தரையை நோக்கிப் போனது. அவர் ஊன்றியிருந்தால் வண்டி நின்றிருக்கும். பாதியிலேயே அந்தக் காலை இழுத்து மறுபடி மிதிகட்டையில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டாரோ என்னவோ, எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. தமிழ்மாறன் பல்லைக் கடித்துக்கொண்டு, தொடையாலும் இடுப்பாலும் வண்டியைத் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினான். மெஷின் எங்களைக் கடந்து போனது. அவன் முதல் கியரைப் போட்டான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, ஹெல்மெட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அழுதுவிட்டேன். அந்தப் பையனை நினைத்துப் பெருமையாக இருந்தது. காலை ஊன்றாத மனுஷனை நினைத்தும்தான்.

கீழத்தெரு முனையில் ஊரே நின்றது. வேட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. எங்கள் வண்டிச் சத்தம் கேட்டால் ராஜாங்கத்தின் கை தானாகத் தோள் துண்டுக்குப் போகும். அந்தக் காலத்துப் பழக்கம், எத்தனையோ தடவை வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் கை போனது. துண்டை எடுத்தார், ஓட்டி வருகிறவனைப் பார்த்தார், முகத்தை அழுத்தித் துடைத்தார், துண்டை மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

தமிழ்மாறன் வாசலுக்கு நேரே வண்டியை நிறுத்தி, இடது காலை அழுத்தமாக ஊன்றினான். அவன் அம்மா பொன்னுத்தாய் ஆரத்தித் தட்டோடு வந்தார். அழுவார் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் அழவில்லை. மகனுக்குச் சுற்றினார், கூடவே வண்டிக்கும் சுற்றினார், மகன் நெற்றியில் வைத்ததுபோல ஹெட்லைட்டிலும் ஒரு பொட்டு வைத்தார். தட்டை ராஜாங்கத்தின் கையில் கொடுத்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்.

"ஐயா, நீங்க கொஞ்சம் எறங்குங்க" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

அவர் மறுபேச்சில்லாமல் இறங்கினார். பொன்னுத்தாய் மகன் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார்.

"எங்கம்மா போவணும்?" என்றான் தமிழ்மாறன்.

"ஊருக்குள்ள போடா. என் வாசல்ல வந்து உக்காந்து யாரு யாரெல்லாம் அழுதாங்களோ, அத்தனை பேரு வாசலுக்கும் போ. மேலத்தெருவுலேருந்து ஆரம்பி."

கூட்டத்தில் பல தலைகள் குனிந்தன. சில பேர் சிரித்தார்கள். மேலத்தெருவில் முதல் வீடு எங்களுடையது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் விறுவிறுவென்று வந்து என் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் ஓட்டி அவர் உட்கார்ந்ததே இல்லை.

"என்ன பாத்துக்கிட்டு இருக்க? குறுக்குச் சந்துல போ. அவங்க வர்றப்ப நாம வாசல்ல நிக்க வேணாமா?"

நான் முறுக்கிய முறுக்கில் அவர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் போய் இறங்கி, இவர் இரட்டைக் கதவையும் அகலத் திறந்து வைக்கவும், மூத்தாள் டப் டப்பென்று தெருவுக்குள் நுழையவும் சரியாக இருந்தது. பின்னால் கொடி கட்டிய வண்டிகள் அத்தனையும் வந்தன. தமிழ்மாறன் எங்கள் வாசலில் நிறுத்தினான், எஞ்சினை அணைக்கவில்லை.

"ஐயா, எம் புள்ள வந்துட்டான்" என்றார் பொன்னுத்தாய்.

என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் கூப்பினார். "வாங்க. எறங்கி உள்ள வாங்க, ரெண்டு பேரும். காபி சாப்பிட்டுத்தான் போவணும்."

அந்த வீட்டுக்குள் பொன்னுத்தாய் கொல்லை வழியாக மட்டுமே வந்திருக்கிறார். திறந்து கிடந்த தலைவாசலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மகன் முதுகில் தட்டினார்.

"இன்னொரு நாளைக்கு வர்றோங்க. இன்னும் நெறைய வீடு கெடக்கு."